பூச்சி மாத்திரை யாருடைய நரம்பைத் தொடுகிறது?

கேள்வி: நாங்கள் கொருக்குப்பேட்டையில் வசிக்கிறோம். நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்குப் பள்ளியில் ஆண்டுக்கு இரண்டு முறை பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள். என் கணவர் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வேலை செய்கிறார். சென்ற மாதம் அவருக்குச் சிரங்கு வந்தபோது மருத்துவர் ஐவர்மெக்டின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கல்லூரியில் உயிரித்தொழில்நுட்பம் படிக்கும் என் மகள், இந்த மருந்துகள் எல்லாம் புழு பூச்சிகளின் நரம்பிலுள்ள அயனிக் கால்வாய்களைத் தாக்கி அவற்றை முடக்குகின்றன என்றும், அத்தகைய கால்வாய்கள் நம் நரம்பிலும் இருக்கின்றன என்றும் சொல்கிறாள். அப்படியானால் பிள்ளையின் நரம்புக்கு ஒன்றும் ஆகாதா? நாய்க்குப் போடும் ஊசியிலும் இதே மருந்துதான், விலையும் குறைவு, அதையே வாங்கி வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். மகளுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வைவாக்ஸ் மலேரியா வந்து மிகவும் அவதிப்பட்டாள். அதற்கும் இவ்வகையில் ஒரு மருந்து வருமா? அவள் தன் கல்லூரித் திட்டப்பணிக்காகப் பப்பாளி விதைச் சாற்றை மண்புழுவின் மீது சோதிக்கப் போகிறாள். அது பயனுள்ள வேலைதானா என்பதையும் எழுதுங்கள்.

– ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொன்னதில் பெரும்பகுதி சரியானது. ஆனால், உங்களை எந்த மாத்திரை அச்சப்படுத்துகிறதோ அந்த மாத்திரைக்கு அது பொருந்தாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிகளில் தேசியக் குடற்புழு நீக்க நாளன்று கொடுப்பது அல்பெண்டசோல். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நுண்ணிய குழல்கள் நிற்கின்றன. டியூபுலின் என்ற புரதத்தால் ஆன அந்தச் சாரத்தைப் புழுவின் உடலில் எழும்பவிடாமல் செய்வதே அல்பெண்டசோலின் வேலை. சாரம் சரிந்த புழுவால் சர்க்கரையை உள்ளிழுக்க முடியாமல் போக, அது சில நாட்களில் பட்டினியால் சாகிறது. நரம்புக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. மேலும், வெறுமனே விழுங்கும் இந்த மருந்தில் மிகச் சிறிய பங்கே குடலிலிருந்து இரத்தத்தில் சேர்கிறது. இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 400 மில்லிகிராம் என்ற அளவில் ஒற்றை மாத்திரையை மென்று விழுங்கும் பிள்ளைக்குச் சிறிது வயிற்று வலியோ குமட்டலோ வரலாம். வயிற்றில் புழு அதிகம் இருந்த பிள்ளைக்கே அது பெரும்பாலும் வருகிறது. அன்று காய்ச்சலாக இருந்தால் மட்டும் ஆசிரியரிடம் சொல்லி, விடுபட்டவர்களுக்கென்று வைத்திருக்கும் அடுத்த நாளில் கொடுக்கச் சொல்லுங்கள்.

இனி அயனிக் கால்வாய்க்கு வருவோம். கால்வாய் என்றதும் உங்கள் பகுதியில் எல்லோருக்கும் பக்கிங்காம் கால்வாயும் அதன் நாற்றமும் நினைவுக்கு வருவது இயல்பு. பாடநூல்கள் தேர்ந்தெடுத்த சொல்லில் எனக்கு அத்தனை மனநிறைவு இல்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை எண்ணிக்கொண்டால் இன்னும் நெருங்கிப் புரியும். செல்லின் மேலுறை கொழுப்பால் ஆனது என்பதால் சோடியம், பொட்டாசியம், கால்சியம், குளோரைடு போன்ற மின்னேற்றமுள்ள துகள்கள், அதாவது அயனிகள், அதன் வழியே தாமாகப் புகுந்துவிட முடியாது. அவை கடப்பதற்கென்றே புரதத்தால் ஆன வாயில்கள் அந்த உறையில் ஆங்காங்கே பதிந்திருக்கின்றன. உங்கள் மகள் சொன்ன அயனிக் கால்வாய்கள் இவைதான். சில வாயில்கள் மின்னழுத்தம் மாறும்போது திறக்கும். சில, அசிட்டைல்கோலின் அல்லது குளூட்டமேட் போன்ற ஒரு வேதித்தூது வந்து ஒட்டினால்தான் திறக்கும். திறந்துவிட்டால் ஒரே வாயில் வழியாக ஒரு நொடியில் ஒரு கோடி அயனிகள்கூடப் பாயும். நரம்பில் ஓடும் செய்தியும், தசை சுருங்குவதும், இதயம் துடிப்பதும் இந்தத் திறப்பும் மூடலும் உரிய நேரத்தில் நடப்பதால்தான். கேட்டை யாரேனும் மூடவிடாமல் பிடித்துக்கொண்டாலும் சரி, திறக்கவிடாமல் தாழிட்டாலும் சரி, அந்த வழியில் எதுவும் முறையாக ஓடாது.

ஒட்டுண்ணிக்கு மருந்து தேடுபவர்கள் இந்த வாயில்களை விரும்புவதற்குக் காரணம் இதுதான்: சிறிதளவு மருந்தே போதும், விளைவும் விரைவாகத் தெரியும். அதிலும் குடலில் வாழும் உருளைப்புழுவின் நிலை விசித்திரமானது. 20 முதல் 35 சென்டிமீட்டர் வரை நீளும் அந்தப் பெண் புழுவுக்குக் குடற்சுவரைப் பற்றிக்கொள்ளக் கொக்கி எதுவும் கிடையாது. உணவு கீழ்நோக்கித் தள்ளப்படும் ஓட்டத்துக்கு எதிராக ஓயாமல் நெளிந்து நெளிந்தே அது தன் இடத்தைக் காத்துக்கொள்கிறது. அதைக் கொல்ல வேண்டிய அவசியமே இல்லை. நெளிய முடியாமல் செய்துவிட்டால், மறுநாள் காலையில் குடல் தானே அதை வெளியே அனுப்பிவிடும். கழிவில் உயிரோடு புழு வந்ததைப் பார்த்து, மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணிக்கொண்டு வரும் தாய்மார்கள் பலருக்கு நான் இதைத்தான் விளக்குவேன்.

முடக்குவதிலும் இரண்டு வகை உண்டு. நம் தலைமுறையினர் சிறு வயதில் குடித்த பைப்பரசின் டானிக், புழுவின் தசையில் குளோரைடு வாயில்களைத் திறந்துவிடும். தசை தளர்ந்து, ஈரத்துணிபோலத் தொய்ந்துவிடும். பைரன்டெல், லெவாமிசோல் ஆகியவை அசிட்டைல்கோலினுக்குத் திறக்க வேண்டிய வாயிலைத் திறந்தபடியே வைத்துவிடும். தசை சுருங்கி விறைத்துப்போகும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கும் என்பதால் சேர்த்துக் கொடுப்பதில்லை.

நம் தசையிலும் அசிட்டைல்கோலின் வாயில்கள் இருக்கின்றனவே என்று உங்கள் மகள் கேட்பாள். கேட்க வேண்டிய கேள்விதான். புழுவின் வாயிலும் நம் வாயிலும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை என்றாலும் வடிவத்தில் வேறுபட்டவை; புழுவின் பூட்டில் இசைவாகப் பொருந்தும் சாவி நம்முடையதில் தட்டுத்தடுமாறியே நுழையும். அதோடு பைரன்டெல் குடலைத் தாண்டி உடலுக்குள் அதிகம் சேர்வதும் இல்லை. ஒரு மருந்தின் பாதுகாப்பு வாயிலின் வடிவ வேறுபாட்டை மட்டும் நம்பியிருப்பதில்லை. மருந்து எங்கே போய்ச் சேர்கிறது, எங்கே போகாமல் தடுக்கப்படுகிறது, எந்த அளவில் கொடுக்கப்படுகிறது என்பவையும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

உங்கள் கணவர் சாப்பிட்ட ஐவர்மெக்டின் இதற்குச் சிறந்த சான்று. ஜப்பானில் இட்டோ நகரின் கவானா பகுதியில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு அருகிலிருந்து சத்தோஷி ஓமுரா எடுத்த மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது அது. அமெரிக்காவில் வில்லியம் கேம்பெல் அதன் ஆற்றலைக் கண்டறிய, இருவருக்கும் 2015-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த மருந்து தாக்குவது, குளூட்டமேட் என்ற தூது வந்தால் குளோரைடை உள்ளே விடும் ஒரு வாயிலை. நம் மூளையிலும் குளூட்டமேட் தூதாக இருக்கிறது. ஆனால் நம்மிடம் அது நரம்பைத் தூண்டிவிடும் வேறு வகை வாயில்களையே திறக்கிறது. குளூட்டமேட்டுக்குக் குளோரைடை விடும் வாயில் உருளைப்புழு இனங்களிலும், பூச்சி, சிலந்தி, சிரங்கு உண்ணி ஆகிய இனங்களிலும் உண்டு. பாலூட்டிகளில் அறவே இல்லை. ஐவர்மெக்டின் அந்த வாயிலை மூடவிடாமல் செய்ய, புழு நகர முடியாமலும் தொண்டையால் உணவை உறிஞ்ச முடியாமலும் போகிறது.

இத்துடன் கதை முடிந்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரரின் யோசனையில் பாதிக் குற்றமே இருந்திருக்கும். ஆனால் நம் மூளையில் அந்த வாயிலின் பங்காளிகள் இருக்கிறார்கள். காபா, கிளைசின் என்ற தூதுகளுக்குத் திறக்கும் நம்முடைய குளோரைடு வாயில்களை ஐவர்மெக்டின், அளவு மிகும்போது, தொடத்தான் செய்யும். வழக்கமான அளவில் அது நடப்பதில்லை. மூளைக்குச் செல்லும் நுண்குழாய்களின் சுவரில் பி-கிளைக்கோபுரதம் என்ற ஒரு பம்பு இருந்துகொண்டு, உள்ளே நுழையும் ஐவர்மெக்டினைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. இந்தக் காவலின் அருமை தெரியவந்ததே ஒரு விபத்தால்தான். நெதர்லாந்தில் அந்தப் பம்புக்கான மரபணு நீக்கப்பட்ட எலிகளை வளர்த்து வந்த ஆய்வகத்தில், எலிகளின் மேலிருந்த உண்ணிகளை ஒழிப்பதற்காக ஐவர்மெக்டின் தெளித்தார்கள். சாதாரண எலிகளுக்கு எதுவும் ஆகவில்லை. மரபணு நீக்கப்பட்டவை மட்டும் மடிந்தன. 1994-ல் இது வெளியானபோதுதான், அந்த மருந்து நமக்குப் பாதுகாப்பாக இருப்பதில் பாதிப் பெருமை இந்தப் பம்புக்கு உரியது என்பது விளங்கியது. காலி என்னும் மேய்ச்சல் நாய் இனத்தில் பல நாய்களுக்கு இதே மரபணுவில் குறை இருப்பதால், மற்ற நாய்கள் தாங்கும் அளவே அவற்றைத் தள்ளாடச் செய்து சில வேளைகளில் கொன்றும் விடுகிறது.

ஆகவே கால்நடை ஊசியைத் தொடவே வேண்டாம். மனிதருக்குச் சிரங்குக்கான அளவு ஒரு கிலோ எடைக்கு 200 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 மில்லிகிராம். கால்நடை ஊசி மருந்தின் ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் இருக்கும். 20 கிலோ எடையுள்ள உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு உரிய 4 மில்லிகிராமை அதிலிருந்து கணக்கிட்டு எடுப்பதற்குள் கை தவறினால், சில சிறு கோடுகள் கூடினாலே அளவு இரண்டு மடங்காகிவிடும். அந்த ஊசியில் மருந்தைக் கரைப்பதற்குச் சேர்த்திருக்கும் திரவங்களும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் கணக்கிடப்பட்டவை. 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மாத்திரையாகக்கூட இதை நாங்கள் கொடுப்பதில்லை. அவர்களுக்குப் பூசும் மருந்து இருக்கிறது. சிக்கனம் என்று நினைத்து இதைச் செய்துவிட்டு, நடை தள்ளாடி, கண் மங்கி வந்து நின்ற ஒரு லாரி ஓட்டுநரை நான் பார்த்திருக்கிறேன். பிழைத்துக்கொண்டார்; ஆனால் சேமித்ததைவிடப் பல மடங்கு செலவழித்துவிட்டார்.

சிரங்கில் இன்னொரு செய்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐவர்மெக்டின் உண்ணியை முடக்குமே தவிர அதன் முட்டையை ஒன்றும் செய்யாது. முட்டைக்குள் முடக்குவதற்கு வளர்ந்த நரம்பு இன்னும் இல்லை. அதனால்தான் ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்து இரண்டாவது முறை சாப்பிடச் சொல்கிறோம். உங்கள் கணவர் அதைச் சாப்பிட்டாரா என்று கடிதத்தில் இல்லை. அரிப்பு நின்றுவிட்டது என்று விட்டிருந்தால், மருத்துவரிடம் கேட்டு, வீட்டில் அனைவரும் ஒரே நாளில் சிகிச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

அயனி வாயில் மருந்து என்பது உங்கள் வீட்டுக்குப் புதிதல்ல என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். மாலையானால் நீங்கள் ஏற்றும் கொசுவர்த்திச் சுருளில் இருப்பதும் அத்தகையதே. அதிலுள்ள பைரித்ராய்டு வகை வேதிப்பொருள் கொசுவின் நரம்பில் சோடியம் வாயிலை மூடவிடாமல் பிடித்துக்கொள்ள, கொசு துடித்து விழுகிறது. சிரங்குக்குப் பூசும் பெர்மெத்ரினும் அதே குடும்பம். (சுருளின் மருந்தைவிட அதன் புகைதான் குழந்தைகளின் நெஞ்சுக்குக் கேடு, வலை கட்டுங்கள்.) சில ஆண்டுகளாகச் சுருளுக்குக் கொசு அசையவே இல்லை என்று நீங்கள் குறைப்பட்டுக்கொண்டிருந்தால், அது வெறும் எண்ணமாக இராது. அந்தச் சோடியம் வாயில் புரதத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறிய கொசுக்கள் உலகின் பல பகுதிகளில் பெருகியிருக்கின்றன. ஆடுகளின் வயிற்றில் இரத்தம் குடிக்கும் புழுக்களிலும் ஐவர்மெக்டின், லெவாமிசோல் இரண்டுக்கும் அடங்காதவை உருவாகியிருக்கின்றன. ஒரே மருந்தைத் தேவையில்லாமலும் குறைந்த அளவிலும் திரும்பத் திரும்பக் கொடுத்தால் இதுதான் நடக்கும்.

இதுவரை நான் சொன்ன மருந்துகளில் எதுவும், வாயிலை முதலில் கண்டுபிடித்து அதற்கேற்பச் செய்யப்பட்டது அல்ல. மருந்து முன்னே வந்தது. அது எந்த வாயிலைத் தொடுகிறது என்பது பின்னால் தெரிந்தது. சில நேரங்களில் வெகு காலம் பின்னால். நாடாப்புழுவுக்கும் இரத்தத்தில் வாழும் தட்டைப்புழுவுக்கும் கொடுக்கும் பிராசிகுவாண்டெல் 1970-களில் வந்தது. அது பட்டதும் புழுவுக்குள் கால்சியம் வெள்ளமாகப் புகுந்து புழு சுருண்டுவிடும் என்பது அப்போதே தெரியும். எந்த வாயில் வழியே புகுகிறது என்பது 2019-ல்தான் துலங்கியது. யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் டி.இ.சி. மாத்திரையின் கதையும் அப்படியே. வடசென்னையின் மூத்தவர்களுக்கு, இரவில் கதவைத் தட்டி விரல் நுனியில் இரத்தம் எடுத்துச் சென்ற சுகாதாரப் பணியாளர்களை நினைவிருக்கும். அந்த நுண்புழுக்கள் இரவில்தான் தோலின் இரத்தக் குழாய்களுக்கு வரும் என்பதால் அந்த நேரம். 1947-லிருந்து பயன்பாட்டில் உள்ள அந்த மருந்து, யானைக்கால் புழுக்களின் தசையில் ஒரு வகைக் கால்சியம் வாயிலைத் திறக்கிறது என்ற ஆய்வு 2020-ல்தான் வெளியானது.

இப்போது ஆய்வாளர்கள் வரிசையை மாற்றிப் பார்க்கிறார்கள். புழுவின் மரபணுவை எடுத்து ஆப்பிரிக்க நகத்தவளையின் முட்டைக்குள் செலுத்தினால், அந்த முட்டை புழுவின் வாயிலைத் தன் மேலுறையில் கட்டிக்கொள்ளும். மில்லிமீட்டர் அளவே உள்ள அந்த முட்டையில் நுண்ணிய மின்முனைகளைக் குத்தி, ஒவ்வொரு வேதிப்பொருளாக ஊற்றி, மின்னோட்டம் எவ்வளவு கூடுகிறது, குறைகிறது என்று அளக்கலாம். அதே சோதனையை மனிதனின் வாயிலை வைத்தும் செய்து, முன்னதை அசைத்துப் பின்னதை அசைக்காத பொருளைத் தேர்ந்தெடுக்கலாம். பூனை, நாய்களின் குடற்புழுவுக்கு ஏற்கெனவே பயன்படும் எமோடெப்சைட் என்ற மருந்து, புழுவின் ஒரு பொட்டாசியம் வாயிலைத் திறந்தே வைத்து முடக்குகிறது. அல்பெண்டசோலுக்கு எளிதில் அடங்காத சாட்டைப்புழுவுக்கு அதை மனிதரிடம் சோதித்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பொட்டாசியம் வாயிலுக்கு நம் உடலிலும் நெருங்கிய உறவு இருப்பதால், அளவு பற்றிய எச்சரிக்கை கூடுதலாகத் தேவைப்படுகிறது.

மலேரியாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது புழுவைவிடக் கடினமானது. ஒட்டுண்ணி நம் சிவப்பணுவுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது, அதற்கு நரம்பும் இல்லை, தசையும் இல்லை. ஆயினும் அயனிகளின் கணக்கு அதற்கும் உண்டு. சிவப்பணுவுக்குள் குடியேறியதும், தனக்கு வேண்டிய சத்துகளை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்வதற்காக, ஃபால்சிபாரம் என்ற மற்றொரு வகை மலேரியா ஒட்டுண்ணி அந்த அணுவின் உறையில் புதியதொரு வாயிலை உருவாக்கிக்கொள்கிறது. அமெரிக்காவில் சஞ்சய் தேசாயின் குழு இதை 2000-ல் மின்னளவீட்டால் காட்டி, 2011-ல் அதற்குக் காரணமான மரபணுக்களையும் அடையாளம் கண்டது. நல்ல சிவப்பணுவில் அந்த வாயில் கிடையாது என்பதால், அதை அடைக்கும் பொருளைத் தேடுவது நியாயமான முயற்சி. இன்னொன்று, வாயில் வகையைச் சேராத ஒரு சோடியம் பம்பு. ஒட்டுண்ணி தன் உடலில் சேரும் சோடியத்தை அந்தப் பம்பால் வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதை நிறுத்தும் சிபார்காமின் என்ற மருந்து ஒட்டுண்ணியை மிக விரைவில் சிதைக்கிறது. அது இன்னும் மனிதச் சோதனைக் கட்டத்தில்தான் இருக்கிறது; மருந்துக் கடைக்கு வர நாளாகும்.

உங்கள் மகளுக்கு வந்த வைவாக்ஸ் வகை, கல்லீரலில் பல மாதங்கள் உறங்கிக் கிடந்து மீண்டும் எழும் இயல்புடையது. அந்த உறங்கும் நிலைக்கு இப்போதைக்கு நம் கையில் இருப்பது பிரைமாகுயின்; அதை 14 நாளும் விடாமல் முடித்தாளா என்று கேளுங்கள். மீண்டும் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், உடனே இரத்தப் பரிசோதனை செய்து, பழைய மலேரியாவையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நகரத்து மலேரியாக் கொசு சாக்கடையில் வளர்வதில்லை; மூடாத மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். உங்கள் வீட்டு மாடித் தொட்டியின் மூடியை இந்த வாரம் ஒரு முறை ஏறிப் பாருங்கள்.

கடைசியாக மகளின் திட்டப்பணி. கல்லூரிகளில் மூலிகைச் சாற்றை மண்புழுவின் மீது ஊற்றி, அது எத்தனை நிமிடத்தில் அசைவற்றுப்போகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதி, பக்கத்தில் பைப்பரசினை வைத்து ஒப்பிடுவது வெகுகாலமாக நடக்கிறது. எளிது, செலவில்லை, பட்டத்துக்குப் போதும். ஆனால் அதிலிருந்து பெறும் முடிவை நான் நம்புவதில்லை. மண்புழு வளையங்களால் ஆன உடலுடைய வேறொரு இனம். உருளைப்புழுவோடு அதற்குப் பெயரில் மட்டுமே உறவு. இவ்வளவு நேரம் நாம் பேசியது வாயிலின் சிறு வேறுபாட்டைப் பற்றித்தானே? அந்த வேறுபாடே மருந்தின் உயிர்நாடி என்னும்போது, வாயில்கள் வேறாக இருக்கும் ஓர் உயிரில் பப்பாளி விதை வேலை செய்தது என்பது நம் குடலில் இருக்கும் புழுவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. போதாததற்கு, செறிந்த சாறு எதுவாயினும், வெறும் உப்புக்கரைசலாயினும், ஈரத்தோலால் மூச்சுவிடும் மண்புழுவைத் துவளச் செய்யும்.

அவளுக்கு விருப்பமிருந்தால், ஆசிரியரிடம் எலிகன்ஸ் உருளைப்புழு வளர்க்கும் ஆய்வகம் எதனுடனாவது தொடர்பு உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். மண்ணில் சுதந்திரமாக வாழும், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள, 302 நரம்பணுக்கள் கொண்ட அந்தப் புழு யாருக்கும் நோய் தராது. தட்டில் பாக்டீரியாவைத் தின்று மூன்று நாளில் வளர்ந்துவிடும். ஐவர்மெக்டின் தாக்கும் வாயிலின் மரபணு 1994-ல் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது அதிலிருந்துதான். அந்த வாயில்கள் பழுதான ரகங்களும் ஆய்வகங்களில் கிடைக்கின்றன. ஒரு சாறு சாதாரணப் புழுவை முடக்கி, குறிப்பிட்ட வாயில் பழுதான புழுவை முடக்காமல் விட்டால், எந்தக் கதவை அது தட்டுகிறது என்பதற்கு அவளிடம் ஒரு துப்பு இருக்கும். அந்த வசதி கிடைக்காவிட்டால், கணினியிலேயே உருளைப்புழுவின் ஒரு வாயில் புரதத்தையும் மனிதனின் அதே குடும்பப் புரதத்தையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, எங்கே வேறுபடுகின்றன என்று குறிக்கலாம். அதற்கான தரவுகள் எல்லோருக்கும் இலவசம். எந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தாலும், நம் இதயத்தில் துடிப்பை ஒழுங்குபடுத்தும் ஒரு பொட்டாசியம் வாயிலை அது அடைக்கிறதா என்று பார்க்காமல் யாரும் இன்று மருந்தாக்க முடியாது என்பதையும் அவள் தன் அறிக்கையில் ஒரு பத்தியாக எழுதட்டும். ஒவ்வாமைக்குக் கொடுத்துவந்த டெர்ஃபெனடின் என்ற மாத்திரை, அந்த ஒரு வாயிலை அடைத்துச் சிலரின் இதயத் துடிப்பைக் குலைத்ததால்தான் 1990-களின் பிற்பகுதியில் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. பப்பாளி விதைக்கும் அந்தக் கேள்வி உண்டு. இயற்கையானது என்பதால் அதற்கு விலக்கு இல்லை.